போடிமெட்டு வளைவுகளில் பழைய பிக்கப்பின் குணநலன்கள்: ஓர் ஆய்வு

சங்க காலத் தேரைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. இரண்டு லட்சத்துக்குள் கிடைக்கும் பழைய பிக்கப்பைப் பற்றி வாங்கியவர் யாரும் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் போடிநாயக்கனூரில் இருந்து முந்தல் வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஏறும் உர மூட்டை, மருந்து கேன், பி.வி.சி. குழாய், கணக்கில் சேராத சில அரிசி மூட்டைகள் எல்லாவற்றையும் சுமப்பது இந்த வண்டிதான். பூப்பாறை, சாந்தம்பாறை பக்கம் இருந்து ஏலக்காய் இறங்குவதும் இதிலேதான். இந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வெல்லை. மகிந்திரா பிக்கப், டாடா 207, 2011-ல் வந்த தோஸ்த், 2005-ல் வந்து ஊரெங்கும் குட்டியானை என்று பெயரெடுத்த டாடா ஏஸ் ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட்டன. குட்டியானைக்கு இரண்டு சிலிண்டர், 702 சி.சி., சுமார் 16 குதிரைசக்தி. அதை வைத்துக்கொண்டு அது மெட்டு ஏறுவது பொறியியலில் சேருமா பிடிவாதத்தில் சேருமா என்பது தனி ஆய்வுக்குரியது. ஜீப் சேர்க்கப்படவில்லை. 1947-ல் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியதில் இருந்து இந்த மலையில் அது ஒரு சமயம். அதை வழிபடலாம், ஆராய முடியாது.

முன்னாய்வு என்று பார்த்தால், ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை முக்கியமானது. விற்பவருக்கு வண்டியின் நோய் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தருவார்; நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார்; கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். இதற்காக 2001-ல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் அவருக்கு போடிமெட்டு தெரிந்திருக்க நியாயமில்லை. விற்பவர் மறைப்பதில் பாதியையாவது அந்தச் சாலையே சொல்லிவிடும் என்பதுதான் இவ்வாய்வின் கருதுகோள்.

வள்ளுவர் இன்னும் கிட்டே வருகிறார். பொருட்பாலில் 48 முதல் 51 வரையுள்ள அதிகாரங்கள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல். எஞ்சின், மாடல் வருஷம், மலை, அட்வான்ஸ் என்று உரை எழுதினால் ஒரு சொல்லும் மிகையாகாது. பரிமேலழகர் இந்த வழியில் யோசிக்கவில்லை.

காலமறிதலை முதலில் முடித்துவிடலாம். வண்டி பார்க்க விடிகாலையில், சொல்லாமல் போக வேண்டும். போனதும் பானட்டில் கை வைக்க வேண்டும். சூடாக இருந்தால், “இப்பத்தாண்ணே பால் வாங்கிட்டு வந்தேன்” என்று பதில் வரும். குளிர்ந்த டீசல் எஞ்சின் எத்தனை செல்ஃபில் பிடிக்கிறது என்பதை மறைக்கவே அந்தப் பால் வாங்கப்பட்டது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது பிறந்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை ஓர் இலக்கியப் பிரதியாகக் கருதி, பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தோடு ஒப்பிட்டு வாசிப்பது நலம்.

வலியறிதல் நீளமானது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் அங்கிருந்து புகை குபுகுபுவென்று வரக்கூடாது. வந்தால் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்து, எரிந்த காற்று கீழே இறங்குகிறது என்று பொருள். மூடியின் உள்புறம் பால் காபி நிறத்தில் பசையிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கருப்பு என்றால் ஏர் ஃபில்டர் அடைப்போ இன்ஜெக்டர் கோளாறோ. மெட்டில் மட்டும் கருப்பு கூடினால் உடனே பழி போட வேண்டாம். உயரத்தில் காற்று மெலியும், டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சு முட்டும். வெள்ளை என்றால், பனி விலகும்வரை தீர்ப்பைத் தள்ளிவைக்கலாம்.

பிறகு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். வேட்டி கட்டிய அறிஞர்கள் இதைத் தவிர்ப்பதால்தான் இத்துறை வளரவில்லை. ஏலத் தோட்டத்துக்கு உரம் ஏற்றிய வண்டியில் சிந்திய பொட்டாஷ் ஈரத்தோடு சேர்ந்து தகரத்தை அரிக்கும். மேலே புது பெயின்ட், ரப்பர் மேட். கீழே ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். சேஸிஸில், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தருகே வெல்டிங் தழும்பு தெரிந்தால் அந்த வண்டி தாங்காத பாரம் சுமந்திருக்கிறது. பட்டை கூடுதலாக ஒன்றிரண்டு போட்டிருந்தால் அதுவும் வாக்குமூலம்தான். பின்கதவில் படி ஒன்று பற்றவைத்து, கைப்பிடி பளபளவென்று தேய்ந்திருந்தால் அதில் ஏறி இறங்கியது மூட்டைகள் மட்டுமல்ல.

இனி இடனறிதல். போடி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வண்டி நன்றாக இருக்கிறது என்பவர், பெண் பார்க்கப் போய் பஜ்ஜியை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர். முந்தலுக்கு மேலே சுமார் 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 4 ஆயிரம் அடிக்கு மேல். வெறும் வண்டியாக ஏறுவதில் பயனில்லை. மாமன் மச்சான் என ஆறு பேரைப் பின்னால் ஏற்றிப் பார்ப்பது ஊர் வழக்கம்; சரக்கு வண்டியில் ஆளேற்றுவது குற்றமென்பதால் இவ்வாய்வு உர மூட்டையைப் பரிந்துரைக்கிறது. வளைவில் முறுக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போயிருக்கிறது. வெப்பமானி முள் ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர்.

ஏறுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். இறங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டாவது கியரில் போட்டு, காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்துவிட்டு இறங்க வேண்டும். தேய்ந்த பெட்டியாக இருந்தால் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வரும். சமதளத்தில் எத்தனை நாள் ஓட்டினாலும் இது தெரியாமல் போகலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் புரோக்கர், “லேசா பிடிச்சுக்கங்கண்ணே, நிக்கும்” என்பார். கியரைப் பிடித்தால் ஸ்டீயரிங்கை யார் பிடிப்பது என்பதற்கு அவரிடம் பதில் இருக்காது. முந்தலில் நிறுத்தியதும் பின் சக்கரம் இரண்டின் அருகேயும் தொடாமல் கையை நீட்டிப் பார்க்கலாம். ஒன்று மட்டும் தகித்தால் அந்தப் பக்கம் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது.

விலைக்கும் ஏலக்காய்க்கும் உள்ள உறவு ஆழமானது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7 ஆயிரம் ரூபாயைத் தொட்டது. அப்படிப்பட்ட காலத்தில் விற்பவர் யாரும் பேரத்துக்கு இறங்க மாட்டார். காய் விலை சரிந்த வாரத்தில் போவது உத்தமம்.

தெரிந்துதெளிதலுக்கு ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துத் தேய்த்தால் 17 எழுத்தும் பதியும், ஆர்.சி.யோடு ஒத்துப்பார்த்து, இடையில் ஓர் எழுத்து கோணினாலும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். ஃபைனான்ஸ் முடிந்திருந்தால் படிவம் 35 வேண்டும். எஃப்.சி. தேதியும் முக்கியம், 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் கூட்டப்பட்டது. மொத்த எடை 3 ஆயிரம் கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை என்பது சிறிய ஆறுதல். இடுக்கிப் பக்கத்துக் கே.எல். வண்டி மலிவாகக் கிடைக்கும், அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி டி.என். 60-க்கு மாற்றும் அலைச்சலையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் ஏ.ஐ. கேமரா அபராதம் போடுகிறது. பெயர் மாறாதவரை அந்தக் குறுஞ்செய்தி பழைய ஓனரின் போனுக்கே போகும். கியர் துள்ளுகிறது என்று சொல்ல அழைத்தபோதெல்லாம் எடுக்காத அந்த எண்ணில் இருந்து, முதல் செலான் வந்த அன்றைக்கே அழைப்பு வரும்.