மதுரையில் தனியாக ஒரு கோடை

2025 ஏப்ரல் 15-ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்தது. அன்று சாயங்காலமே செல்லூரில் ஒரு வீட்டில், சமூக அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில், லீவில் செய்து முடிக்க வேண்டிய காரியங்களின் பட்டியல் எழுதப்பட்டுவிட்டது. தனியாகக் கொடைக்கானல் போவது. தனியாகச் சமணர் மலை ஏறிச் சூரிய உதயம் பார்ப்பது. தனியாக ஸ்கூட்டி ஓட்டுவது. தனியாக ஒரு நாள் முழுக்க நூலகத்தில் இருப்பது. தனியாக அழகரை முன்வரிசையில் நின்று பார்ப்பது. இன்னும் சில. "தனியாக" வருகிற இடமெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு.

பட்டியலை எழுதியவளுக்குப் பதினைந்து வயது. அதைக் கண்டுபிடித்துச் சாப்பாட்டு நேரத்தில் உரக்க வாசித்தவன் அவள் தம்பி, ஏழாம் வகுப்பு.

முதலில் அடிபட்டது கொடைக்கானல். அப்பா இ-பாஸ் பேச்சை எடுத்துவிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பதை அவள் ஏற்கெனவே தேடிப் படித்து வைத்திருந்தாள். ஆரப்பாளையத்தில் ஏறினால் மலை மேல்தான் இறங்கணும், நடுவில் வழி தவற இடமே இல்லை என்றும் வாதாடினாள். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, பெருந்தன்மையாகவே சொன்னார்: "தனியாத்தானே போகணும்? போ. நாங்க எல்லாரும் வந்து ஏரிகிட்ட எறக்கி விட்டுட்டு வர்றோம்."

ஸ்கூட்டி அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. பதினாறு வயதில் லைசென்ஸ் உண்டுதான், ஆனால் கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். அப்படி ஒரு வண்டியை இன்று ஷோரூமில் கேட்டால் சேல்ஸ்மேன் பரிதாபமாகப் பார்ப்பார். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டியோட்டிச் சிக்கினால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. அப்பா சிறையைச் சொல்லும்போது சாதாரணமாகத்தான் இருந்தார். 25,000-ஐச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

மிச்சத்தைக் காப்பாற்றியவர் அம்மாச்சி. அவர் கையில் இருந்த ஆயுதம் மகளிர் விடியல் பயணம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது அரசு செய்த நலத்திட்டம். அது மதுரை அம்மாச்சிகளின் வரைபடத்தையே மாற்றிவிட்டது என்பது யாரும் எழுதாத பின்விளைவு. முன்பு கல்யாணம், கருமாதி, கண்ணாஸ்பத்திரி என்று மூன்றே காரணத்துக்கு பஸ் ஏறியவர்கள் இப்போது காரணமே இல்லாமல் ஏறுகிறார்கள். "ஏத்தா, நீ தனியாப் போ. நான் ஒம் பின்னாடி சீட்டுல உக்காந்து வர்றேன். காசா பணமா?" என்றார் அம்மாச்சி. தம்பிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதால் அவன் வீட்டிலேயே கழற்றிவிடப்பட்டான். பெண்ணாய்ப் பிறந்ததன் லாபத்தை அவள் முதன்முதலாக ரூபாய்க் கணக்கில் உணர்ந்த கோடை அது.

சமணர் மலை மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியில் இருக்கிறது. அடிவாரத்தில் கருப்பசாமி கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள். அம்மாச்சி ஆலமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி. இவள் மனசுக்குள் கருப்பசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒருவழியாகத் தனியாக, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினாள். மேலே ஏற்கெனவே ஒரு ஊரே இருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார்கள், சூரியனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் போட்டோ எடுக்கும் கல்லூரிப் பையன்கள், சுண்டல் பொட்டலத்தோடு ஒரு குடும்பம். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-இல் தொடங்கிய பசுமை நடை இந்த மாதிரிக் குன்றுகளுக்கெல்லாம் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்து வந்து பழக்கியிருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு மலை என்றால் இப்போது கும்பலாகப் போகும் இடம்.

அங்கே தனிமையைத் தேடி முதலில் வந்தவர்கள் சமணத் துறவிகள். மலையில் உள்ள பேச்சிப்பள்ளத்திலும் செட்டிப்புடவிலும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில், இதைச் செய்வித்தது இன்னார், அவர் இன்னாருடைய மாணாக்கர் என்று வரிசையாகப் பெயர்கள். உலகத்தைத் துறந்துவிட்டு மலையேறினாலும் மதுரைப் பக்கம் யாருடைய ஆள் என்று சொல்லாமல் விடமாட்டார்கள் போலிருக்கிறது. எட்டு மணிக்குப் பாறை சுட ஆரம்பித்தது. கீழே அம்மாச்சி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பேத்தியின் ராசி நட்சத்திரம் வரை சொல்லி முடித்திருந்தார்.

மே 4 அன்று அக்னி நட்சத்திரம் பிறந்தது. மதுரை நாளிதழ்கள் மற்ற மாதங்களில் எந்த டிகிரியில் பேசினாலும், மே மாதத்தில் பாரன்ஹீட்டுக்கு மாறிவிடும். நாற்பது டிகிரி செல்சியஸ் என்றால் சப்பென்று இருக்கிறது. 104 என்றால்தானே வெயில் சதம் அடித்ததாகத் தலைப்புப் போடலாம்? பதினோரு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நடமாடாத அந்த நாட்களில் பட்டியலிலிருந்த நூலகம் கைகொடுத்தது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு, உள்ளே ஏ.சி. அறிவுத் தாகத்தோடு வருகிறவர்களும் வெறும் தாகத்தோடு வருகிறவர்களும் அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், வித்தியாசம் தெரியாது. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் அண்ணன்கள் தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அவள் ஒரு நாவலை எடுத்து வைத்துக்கொண்டு நாற்பது பக்கம் தாண்டினாள். அம்மாச்சி அன்றைய நாளிதழ்கள் எல்லாவற்றையும், நினைவஞ்சலி விளம்பரங்கள் உட்பட, வாசித்து முடித்தார். அதில் தெரிந்தவர் ஒருவர் வந்திருந்ததால் அடுத்த நாள் இருவரும் துக்கம் கேட்கப் போக நேர்ந்தது.

கீழடி பட்டியலிலேயே இல்லை. திருப்புவனத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பும்போது, சாப்பாடு கனமாக இருந்ததால் கொஞ்சம் நடக்கலாமே என்று யாரோ சொல்ல, குடும்பம் மொத்தமும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டி 2023 மார்ச்சில் திறந்த இடம். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்காவின் மயாமிக்கு அனுப்பிச் சோதித்து, கி.மு. 580 என்று காலம் கணித்த கதையை அவள் பாடப்புத்தகக் குரலில் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மாச்சி வேறொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். உள்ளே சுடுமண் வட்டச் சில்லுகள், ஆட்டக்காய்கள், பகடை.

"இது பாண்டி ஆடுற சில்லுல்ல? வீட்டுப் பானைய ஒடைச்சு இதே மாதிரி ஒண்ணு செஞ்சதுக்கு எங்காத்தா வெளக்கமாத்தால வெளுத்தா. இவுக கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சு லைட்டும் போட்டிருக்காக." அதோடு நிற்கவில்லை. வெளியே வந்ததும் செம்மண் தரையில் குச்சியால் கட்டம் கிழித்து, முழங்கால் வலியை மறந்து, மூன்று கட்டம் நொண்டியும் காட்டினார். இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் வைகைக்கரைப் பிள்ளைகள் லீவை எப்படிக் கழித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கப்பலகையை அன்று யாரும் பார்க்கவில்லை. நொண்டியதற்கு அப்புறம் இரண்டு நாள் கோடாலித் தைலம் தேவைப்பட்டது.

அழகர் ஆற்றில் இறங்கியது மே 12. அவர் கதையை மதுரையில் தெரியாதவர் கிடையாது. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அழகர்கோவிலிலிருந்து புறப்படுகிறார். தூரம் சுமார் 21 கிலோமீட்டர். நேராக வந்தால் அரை நாளில் வந்துவிடலாம். விடுவார்களா? வழியெங்கும் மண்டகப்படி, போகவர நானூறுக்கும் மேல். மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை, ஒவ்வொரு பந்தலிலும் ஒரு தீபாராதனை. ஆற்றுக்குள் இறங்குவதற்குள் தங்கைக்குத் தாலி கட்டி முடிந்துவிடுகிறது. சைவ வைணவ விழாக்களை இணைத்துச் சித்திரையில் ஒன்றாக நடக்கும்படி செய்தவர் திருமலை நாயக்கர், அதற்கு முன் அழகர் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார் என்பார்கள் வரலாறு எழுதுகிறவர்கள். எப்படியானாலும், கடவுளே தனியாக ஒரு கல்யாணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாத ஊரில், பதினைந்து வயதுப் பெண் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டது கொஞ்சம் அதிகம்தான்.

செல்லூர் வைகைக்கரையை ஒட்டிய பகுதி. நடந்தே போகலாம். அந்த வசதிக்காகவே உசிலம்பட்டிச் சித்தி குடும்பம், அலங்காநல்லூர் அத்தை குடும்பம் எல்லாம் முதல் நாள் ராத்திரியே வந்து, மொட்டை மாடியில் பாய் விரித்துவிட்டார்கள். விடிய மூன்று மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். ஆற்றுக்குப் போகிற வழியெல்லாம் தலையில் உருமால், காலில் சலங்கை, உடம்பில் சரிகை வைத்த வெல்வெட் உடுப்புமாக அழகர் வேஷக்காரர்கள். ஒரு பெரியவர் இவளுக்குப் பக்கத்தில் நின்று, தோளில் தொங்கிய ஆட்டுத்தோல் பையை அக்குளுக்குக் கீழே வைத்து அமுக்கிப் பார்த்தார். பித்தளைக் குழாய் முனையிலிருந்து நூல் கனத்துக்குத் தண்ணீர் எழும்பி, முன்னால் நின்ற போலீஸ்காரர் கழுத்தில் விழுந்தது. போலீஸ்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். மோட்டார் பம்பு வைத்து சாமி மேலேயே பீய்ச்சுகிறவர்களைத் தடுக்க விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிருக்கிறது. தோல் பைக்காரர்களோடு யாருக்கும் சண்டை இல்லை.

கூட்டத்தில் தொலையாமல் இருக்க அம்மாச்சி அவள் துப்பட்டா நுனியைத் தன் முந்தானையோடு முடிந்திருந்தார். தங்கக் குதிரை கண்ணில் பட்டதும், "என்ன பட்டு? என்ன பட்டு?" என்று கேள்வி அலையடித்தது. பச்சைப் பட்டு உடுத்தியிருந்தால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. அலையில் முடிச்சு அவிழ்ந்தது. ஏ.வி. பாலத்துக்குக் கீழே, லட்சக்கணக்கான பேருக்கு நடுவில், அவள் கடைசியில் தனியாக நின்றாள்.

பத்து நிமிஷம் இருக்கும். அதற்குள் நாலு பேர் "யாரு கூடம்மா வந்த?" என்று கேட்டுவிட்டார்கள். வாழையிலையால் வாய் மூடிய செம்பை ஏந்தி நின்ற ஒரு அம்மா, சூடம் காட்டி முடித்ததும் இலையை விலக்கி ஒரு பிடி சர்க்கரையை அவள் வாயிலேயே போட்டு, கையையும் பிடித்துக்கொண்டார். நீர்மோர்ப் பந்தல்காரர் ஒரு டம்ளரை நீட்டி, "குடிச்சிட்டு இங்கனயே நில்லு, ஒங்க ஆளு வரும்" என்று உத்தரவு போட்டார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: செல்லூரிலிருந்து வந்த பச்சை நிறச் சுடிதார் அணிந்த சிறுமியை அவருடைய பாட்டி தேடிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு மதுரையில் பாதிப் பெண்கள் பச்சை உடுத்தியிருந்தார்கள். "சிறுமி" என்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மே 16-இல் தேர்வு முடிவு வந்தது. அதை மட்டும் தனியாகப் பார்க்கச் சொன்னார்கள். அவள் முடியாது என்றுவிட்டாள். தம்பிதான் பதிவு எண்ணைத் தட்டினான். மதிப்பெண் நன்றாகவே இருந்தது. பரிசாக அப்பா அந்த ராத்திரி ஊர் சுற்றக் கூட்டிப்போனார். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, நள்ளிரவுக்கு மேல் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கறிக்குழம்போடு புரோட்டா, விடியக்காலம் மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லிகைக்கு வெயில் காலம்தான் வரத்துக் காலம். முகூர்த்தம் இல்லாத நாளாக இருந்ததால் விலையும் இறங்கியிருந்தது. அப்பா பெருமிதத்தோடு வாங்கி வந்த ஒரு கிலோ பூவைக் கட்ட ஆளில்லாமல் தெரு முழுக்கப் பங்கு வைத்தார்கள்.

மே கடைசியில் வருஷத்துக்கான குழம்புப் பொடி அரைக்கும் வேலை வந்தது. மிளகாய் வத்தலும் மல்லியும் மூன்று நாள் மாடியில் அக்னி வெயிலில் காய்ந்து, கையில் நொறுங்குகிற பதத்துக்கு வந்திருந்தன. மிளகாய் நெடி அம்மாச்சிக்கு ஆகாது, இழுப்பு வந்துவிடும். அம்மாவுக்கு வேலை. தம்பியை நம்ப முடியாது. "நீயே தனியாப் போயிட்டு வந்துர்றியா?" என்று கேட்டார் அம்மா, அந்தச் சொல்லின் கனம் தெரியாமல்.

மாவு மில் இரண்டு தெரு தள்ளி. படியில் சம்படங்களும் தூக்குவாளிகளும் வரிசை பிடித்திருந்தன. ஆட்கள் நிழலில் இருந்தார்கள். கேழ்வரகும் கோதுமையும் ஒரு மிஷினில் ஓட, மூலையில் இருந்த மிளகாய் மிஷின் அவளுக்காக ஓட ஆரம்பித்தது. துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டியும் மூன்றாவது தும்மலில் கண் ஊற்றெடுத்துவிட்டது. மில்காரர் வாயில் பீடியோடு, ஒரு தும்மல்கூட இல்லாமல், துணிக்குழாயைத் தட்டித் தட்டிப் பொடியை இறக்கினார். சுடச்சுட விழுந்த பொடியைத் தகரத்தில் பரப்பி ஆறவைத்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"செல்லூர்த் தறிக்காரர் வீட்டுப் பேத்திதானே? அம்மாச்சி வரலை?"

அவள் தலையாட்டுவதற்குள் போனை எடுத்துவிட்டார். "ஆத்தா, புள்ள வந்துருச்சு. ஆறுனதும் அனுப்பிர்றேன். தும்முது, வேறொண்ணும் இல்ல." போனை வைத்துவிட்டு ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை அவள் பக்கம் நகர்த்தினார். "அந்தச் சந்து வழியாத்தானே போற? திருப்பத்துல மூணாவது வீட்டுல இதக் குடுத்துரு. கோதுமை மாவு. ஒன் பைக்குப் பக்கத்துல வச்சிராத, நெடி ஏறிரும். அந்த மஞ்சப்பையும் அவுக வீட்டுக்குத்தான், அதையும் எடுத்துக்க."