ஆன்லைன்ல போட்டா போதுமா?

இணையவழி அரசுச் சேவைகளை மக்கள் சரியாகப் பயன்படுத்துவதில்லையாம், விழிப்புணர்வு போதவில்லையாம். அதற்காகக் கொளுத்தும் வெயிலில் பள்ளிப் பிள்ளைகளின் கையில் தட்டியைக் கொடுத்துப் பேருந்து நிலையம் வரை ஊர்வலம் விடுகிறார்கள். கொடியசைத்துத் தொடங்கிவைத்தவர் ஏசி காரில் ஏறிப் போய்விடுகிறார். மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வருகிறது. விழிப்புணர்வு ஏற்பட்டாயிற்று, பில்லும் பாஸாயிற்று.

மக்களுக்கு விழிப்பில்லை என்று சொன்ன மகானுபாவர் யார்? ஜூன் மாதத்தில் ஏதாவதொரு இ-சேவை மையத்தின் வாசலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்காக அலையும் சித்தாளுக்கு ஆதாரின் 12 இலக்கமும் மனப்பாடம். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று விளம்பரம் சொல்வது அவளுக்குத் தெரியும். கணினி முன் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பையனிடம் அதைச் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்பதும் தெரியும். பக்கத்தில் நிற்கும் பாட்டியின் ஆதாரில் இருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டில் இருக்கும் பேரனின் எண். அவன் போனை எடுப்பதற்குள் ஓடிபி காலாவதி. "இன்னொரு வாட்டி அனுப்பு தம்பி" என்கிறாள் பாட்டி, கொஞ்சமும் அசராமல். இவளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?

60 ரூபாய் கட்டி ரசீது வாங்கியாயிற்று. விண்ணப்பம் நொடிப்பொழுதில் கிராம நிர்வாக அலுவலரின் (விஏஓ) திரைக்குப் போய்ச் சேர்கிறது. போய்ச் சேர்ந்து, படுத்துக்கொள்கிறது. நாலு நாள் பார்த்துவிட்டு நேரில் போனால் வரவேற்பு இப்படி: "ஆன்லைன்ல போட்டா போதுமா? நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? போட்டது எல்லாத்தையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துட்டுப் போங்க." ஸ்கேன் செய்து ஏற்றிய காகிதம் மறுபடியும் காகிதமாகப் பிறவியெடுக்கிறது. அவரைத் தாண்டினால் வருவாய் ஆய்வாளர், அவரையும் தாண்டினால் தாசில்தார். முன்பு ஒரு வரிசையில் நின்றோம். இப்போது மையத்தில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. 2015 ஜூலை 1 அன்று தொடங்கிய டிஜிட்டல் இந்தியாவின் வளர்ச்சி இது. (கூடுதல் பொறுப்பாகப் பக்கத்துக் கிராமத்தையும் சுமந்துகொண்டு மாடாய் உழைக்கும் விஏஓக்கள் உண்டு. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் செயலிக்கு மட்டும் திறப்பு விழா நடத்துகிறவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியை இந்த விஏஓக்களிடம் கேட்டுப் பயனில்லை.)

சான்றிதழ் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மின்கையொப்பம் இருக்கிறது, க்யூஆர் கோடு இருக்கிறது. டிஜிலாக்கர் வழியாக வழங்கப்படும் ஆவணம் மூல ஆவணத்துக்குச் சமம் என்று மத்திய அரசு 2017இலேயே விதி செய்துவிட்டது. அடுத்த அலுவலகத்தின் மேசைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

"ஒரிஜினல் எங்க?"

"இதுதாங்கய்யா ஒரிஜினல்."

"சீல் இல்லையே?"

அரசு கொடுத்ததை அரசே நம்பவில்லை. ஊர்வலத்தை அந்த மேசையைச் சுற்றி விட்டால் கொஞ்சம் பலன் இருக்கும்.

மின்னாளுமை முழு வெற்றி பெற்ற துறை ஒன்றும் இருக்கிறது. பட்டா மாற்றத்துக்குக் கைநீட்டியவரை லஞ்ச ஒழிப்புப் போலீசார் ரசாயனம் தடவிய நோட்டுடன் பிடித்தார்கள் என்ற செய்தியைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. இப்போது ஜிபேயில் வாங்கிச் சிக்குகிறார்கள். அங்கே சர்வர் டவுன் ஆவதில்லை. ஜெராக்ஸ் கேட்பதில்லை, ஒரிஜினலுக்கு சீல் கேட்பதில்லை. பணம் வந்த மறு நிமிடம் நாலு நாளாகப் படுத்துக்கிடந்த விண்ணப்பம் எழுந்து ஓடுகிறது. இந்தச் சேவையை மக்கள் பயன்படுத்த எந்தக் கலெக்டரும் கொடியசைக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தாமதத்துக்கு மருந்து இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசம் 2010இல் சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 வரை அதிகாரிக்கே அபராதம். கர்நாடகம் 2011இல் தனக்கொரு சட்டம் செய்துகொண்டது. தமிழ்நாட்டில் சேவை உரிமைச் சட்டம் 2021 தேர்தல் அறிக்கையில் திமுக கொடுத்த வாக்குறுதி. நான்காண்டு ஓடி 2025 வந்தபோதும் அது சட்டமாகியிருக்கவில்லை. அதற்குள் எத்தனை முகாம்கள், எத்தனை பந்தல்கள், எத்தனை மனுக்கள்! வருகிற மனுவை உரிய நாளில் முடிக்காத ஆட்சிதான் மனு வாங்க ஊர் ஊராக வர வேண்டியிருக்கிறது. இத்தனை நாளில் தராவிட்டால் இவர் சம்பளத்தில் இவ்வளவு பிடிப்போம் என்று ஒரு வரி எழுத மட்டும் கை வரவில்லை. எழுதிப் பாருங்கள். சர்வர் அன்றைக்கே சரியாகிவிடும்.