வலைக்குப் போனவர்கள்

கேள்வி: வெளிநாட்டு டெஸ்ட் தொடர்களில் நம்மூர்ப் பையன்கள் ஜொலித்ததில் எது டாப்?
– வாசகர், மணவூர்

பதில்: சந்தேகமே வேண்டாம், 2021 ஜனவரி, பிரிஸ்பேன்! அதே தொடரில் அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட இந்திய அணி. சிட்னியில் முதுகுவலியோடு 128 பந்துகளைத் தாங்கி டிரா செய்ய உதவிய அஸ்வினால் அடுத்த, பிரிஸ்பேன் டெஸ்டில் ஆட முடியவில்லை. வலைப்பயிற்சியில் பந்துபோட அணியோடு தங்கியிருந்த வாஷிங்டன் சுந்தரும், சின்னப்பம்பட்டி நடராஜனும் களமிறங்கினார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட். சுந்தரின் முதல் டெஸ்ட் விக்கெட் யார் தெரியுமோ? ஸ்டீவ் ஸ்மித்! போணியே பெரிய கை. அப்புறம் 186க்கு 6 என்று அணி தள்ளாடியபோது ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன். நாதன் லயனைச் சிக்ஸருக்குத் தூக்கிவிட்டு, பந்து போன திசையைக்கூடப் பார்க்கவில்லை அந்தப் பிள்ளை. ஆஸ்திரேலியா 1988க்குப் பிறகு தோற்றதே இல்லை என்றிருந்த மைதானத்தில் ஜெயித்தோம், ஐயா!