இரண்டு சதவீத வள்ளல்

கொடைக்கொடி பறக்கும் கோமானும், பெங்களூர் ஆஸ்டின் டவுன் பிள்ளைகளின் கலைத்தாகம் தீர்க்க வந்த கார்மேகமும் ஆகிய நிறுவன அறக்கட்டளைப் பெருந்தகையின் சமூகத்துக்கு அடியேன் தெண்டனிட்டு எழுதிக்கொள்ளும் புகழுரை.

பாரியைப் பெரிய வள்ளல் என்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தானே, தேரின் பக்கவாட்டில் பறம்பு நாட்டு முத்திரையைப் பொறித்தானா? படர்ந்த கொடியிடம் யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் வாங்கினானா? நிர்வாகம் தெரியாதவன். நம் பெருந்தகையோ காசோலையையே கதவளவுப் பலகையில் எழுதி மேடைக்குக் கொண்டுவருகிறார். அதைத் தூக்கிப் பிடிக்கும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையின் முகம் பலகைக்குப் பின்னால் மறைந்துபோகிறதென்றால், அது பிள்ளை வளராத குற்றம்.

அவருடைய ஈகை தானாகச் சுரப்பது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 5 கோடி ரூபாய் நிகர லாபம் போன்ற வரம்புகளில் ஒன்றைத் தொட்ட நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டாலும் அவர் கொடுத்திருப்பார். சட்டம்தான் அவசரப்பட்டு முந்திக்கொண்டது. அவருடைய கருணை பெரும்பாலும் மார்ச் மாதத்தில் கரைபுரள்வதற்கும் நிதியாண்டு முடிவதற்கும் தொடர்பு உண்டென்பது பொறாமைக்காரர் பேச்சு. பரீட்சை வேளையில் பிள்ளைகளுக்குப் படைப்பாற்றல் பீறிடும் என்பதை வேறு யார் கண்டுபிடித்தார்கள்?

அந்தத் திருநாளின் வைபவத்தை என்னென்பேன்! ஒரே நிற டி-ஷர்ட்டில் ஊழியர் படை வந்து இறங்குகிறது. தாழ்வாரச் சுவரில் பிள்ளைகள் கரிக்கட்டியால் ஒரு கோல்போஸ்ட்டும் பந்தும் பாய்ந்து விழும் கோல்கீப்பரும் வரைந்து வைத்திருப்பார்கள். (கால்பந்துப் பித்துப் பிடித்த ஆஸ்டின் டவுனில் வேறென்ன வரைவார்கள்?) அந்த அழுக்கின்மேல் முதலில் வெள்ளை ப்ரைமர். பிறகு ஒரு ராக்கெட், ஒரு பூமி உருண்டை, இரண்டு வண்ணத்துப்பூச்சி. பூமியைவிடப் பெரிதாக நிறுவனத்தின் சின்னம். தூரிகை ஊழியர் கையில், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். உழைப்பைத் தாமே ஏற்றுக் களிப்பை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை அது. சுவரின் ஓதத்தில் ஆறே மாதத்தில் ராக்கெட் உரிந்து விழும். அடுத்த மார்ச்சுக்கு இடம் வேண்டாமா?

வகுப்புக்குள்ளே கலர் பென்சில் விநியோகம். "அண்ணா, இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்று ஒரு பொடியன் கேட்டான். "இல்ல கண்ணா, இந்த கிட் மதியம் இன்னொரு ஸ்கூலுக்குப் போகணும்" என்று தலையைத் தடவிவிட்டு எண்ணி வாங்கி வைத்தார் அந்த அண்ணா. ஒரு பென்சில் பெட்டி ஒரே நாளில் இரண்டு பள்ளிகளை உய்விக்கும் சிக்கனத்தை அட்சய பாத்திரத்திலும் கண்டதில்லை.

2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு வேண்டாத வரி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்குக் கலைக்கென்று பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டுமாம். வருடம் முழுக்க வந்து போகும் டிராயிங் மாஸ்டர் எதற்கு? ஒரு நாளில் மூன்று மணி நேரம் போதாதா? அந்த வரியைப் படித்துச் சிரமப்படாத நம் அரசும் மாநகராட்சியும் பெருந்தகைக்கு ஏற்ற இணை. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இனி ஐந்து ஆணையர், ஐந்து மேடை, ஐந்து பலகைக் காசோலை.

மகுடத்தில் வைரம் ஒன்று மிச்சம். கொடுத்ததனால் என்ன விளைந்தது என்று அளக்கும் ஆய்வுக்குப் பெருநிறுவனங்கள் தம் ஆண்டுச் சமூகச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், இதில் எது அதிகமோ அதுவரை கணக்கில் காட்டலாம் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. பிள்ளையின் சிரிப்பை அளக்கும் கோல் பென்சிலைவிட விலை உயர்ந்ததாக இருப்பதுதானே முறை?

இத்தனை சீருக்கும் நடுவே இதே பெங்களூரில் ஒரு கரும்புள்ளி. 1993-இல் தொடங்கிய இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்னும் அமைப்பு, 'கலி-கலிசு' என்ற பெயரில் கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியருக்கே கலைத்திட்ட நல்கை கொடுக்கிறது. ஆசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து உள்ளூர்க் கதையையும் பாட்டையும் கைவினையையும் பாடத்தோடு பிணைக்கிறாராம். என்ன துணிச்சல்! வாத்தியாருக்கே யோசனை உண்டென்று நம்பினால் டி-ஷர்ட்டுகளை யார் போடுவார்கள்? இந்தத் தொற்று நம் தாழ்வாரம் வரை வந்துவிடாமல் பெருந்தகைதான் காத்தருள வேண்டும். மார்ச் வருகிறது, ப்ரைமர் டின் இரண்டு சேர்த்தே அனுப்புங்கள், பிள்ளைகள் மறுபடியும் கோல்போஸ்ட் வரைந்துவிட்டார்கள்.