“ரூமுக்கு வாங்க” எதிர் “மெயில் போடுறேன்”: ஓர் அழுத்தவியல் ஆய்வு

மின்னஞ்சலா, கூடிப் பேசுவதா என்ற வினாவுக்கு ஆய்வுலகம் எப்போதோ விடை சொல்லிவிட்டது. தெளிவான சேதியை எழுதி அனுப்பு. குழப்பமானதை உட்கார்ந்து பேசு. ரிச்சர்ட் டாஃப்ட், ராபர்ட் லெங்கல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1986-இல் ஏறக்குறைய இதைத்தான் முன்வைத்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலை ஐடி அலுவலகமொன்றில் ஒரு டெலிவரி வாரத்தைப் பார்த்திருந்தால் பேனாவை மூடி வைத்திருப்பார்கள்.

நமது துணிபு வேறு: வழியைத் தீர்மானிப்பது சேதியல்ல, பழி யார் தலையில் விடியும் என்ற கவலை. வேலை குறைந்த நாளில் எல்லோருக்கும் எல்லாமே சம்மதம். அந்த நாள்கள் ஆய்வுக்கு உதவா. கெடு நெருங்கட்டும். மேலாளர் நேர்ப்பேச்சின் காதலராகிவிடுவார்: “எதுக்குப்பா மெயிலு? ரூமுக்கு வாங்க, பேசிக்கலாம்.” எதிரில் நிற்பவரோ எழுத்தின் அடியார்: “சரி சார். பேசினதை ஒரு மெயிலா போட்டுடறேன் சார்.” அந்த இரண்டாவது “சார்” மரியாதைக்குச் சொன்னதல்ல.

டீக்கடையில் “நீ ஆரம்பி, பார்த்துக்கலாம்” என்று காற்றில் போன வாக்கு, இரவு 11.48-க்கு “ஆஸ் டிஸ்கஸ்டு” என்று தலைப்பிட்டு வந்து இறங்கும். சிசியில் ஐந்து பேர். அவர்களில் நால்வர் அந்த டீயைக் குடிக்கவே இல்லை. இதற்குப் பதில் மெயில் வராது. போன்தான் வரும்.

சிசியின் மூதாதை கார்பன் தாள். தட்டச்சுக் காலத்தில் அடிநகலில் எழுத்து விழ, விசையை ஓங்கித் தட்டவேண்டும். அழுத்தமின்றி நகலில்லை என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

பக்கத்து இருக்கைக்கு மெயில் அனுப்புவோரைக் கேலி செய்பவர்கள் வரலாறு அறியாதவர்கள். 1971-இல் ரே டாம்லின்சன் அனுப்பிய முதல் வலையமைப்பு மின்னஞ்சலே அருகருகே இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையில்தான் போனது. அதில் என்ன எழுதினார் என்பது பின்னாளில் அவருக்கே நினைவில்லை. இவ்விரு மரபுகளையும் நம் அலுவலகங்கள் வழுவாமல் காத்துவருகின்றன.

விதிவிலக்கு ஒன்றுண்டு. அப்ரைசல் மாதத்தில் பாராட்டு நேரில் வரும், ரேட்டிங் மெயிலில் வரும். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவைதானா என்பது தனி ஆய்வுக்குரியது.

இக்கட்டுரைக்கு மறுப்புடையோர் நேரில் வந்து சொல்லுங்கள், பேசிக்கலாம். தயவுசெய்து மெயில் மட்டும் வேண்டாம்.