ஜவ்வாது மலைக்குத் திட்டமிடுபவர்

வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் நீண்டு கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்தில், ஒவ்வொரு ஷூ கம்பெனியிலும் ஒவ்வொரு தோல் மண்டியிலும் தவறாமல் ஒருவர் காணப்படுகிறார். சக ஊழியர்களை மலைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை எவரும் ஒப்படைக்காமலே ஏற்றுக்கொண்டு, பின்னர் எவரும் பறித்துக்கொள்ளாதபடி அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் இவரை வசதி கருதித் திட்டக்காரர் என்றே இங்குக் குறிப்பிடலாம். இவர் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர். உற்பத்திப் பிரிவில் மேற்பார்வையாளராகவோ ஏற்றுமதிப் பிரிவில் கணக்கராகவோ இருப்பவர். சட்டைப் பையில் இரண்டு பேனாவும் ஒரு மடித்த அட்டையும் வைத்திருப்பவர். மலைக்கு எத்தனை முறை போனார் என்று கேட்பது இவரை அவமதிப்பதாகும். எத்தனை திட்டம் போட்டார் என்பதே இவருக்குரிய அளவுகோல்.

இத்தனைக்கும் அந்த மலை ஒன்றும் தொலைவில் இல்லை. ஆம்பூரில் உயரமான மொட்டை மாடி எதில் ஏறி நின்றாலும் தெற்கே மலைத்தொடர் தெரியும். வாணியம்பாடியைத் தாண்டினால் ஏலகிரி எதிரே வந்து நிற்கும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது. சந்தன மரத்துக்கும் சாமைக்கும் பெயர் பெற்றது. கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களைக் கொண்டது. தோல் தொழிலுக்கும் அதற்கும் பழைய உறவும் உண்டு. குரோமிய உப்பு வருவதற்கு முன்பு பச்சைத் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே பயன்பட்டன. அக்கடுக்காய் விளையும் காடுகளுள் ஜவ்வாதும் ஒன்று. கடுக்காய் மூட்டை எந்தத் திட்டமும் இன்றி இறங்கி வந்துவிட்டது. மனிதர் ஏறுவதற்குத்தான் திட்டம் வேண்டியிருக்கிறது.

திட்டக்காரரின் முறை அவருடைய தொழிலிலிருந்தே பிறந்தது. ஏற்றுமதித் தொழிலில் கப்பல் ஏறும் நாளை, அதாவது ஷிப்மென்ட் தேதியை, முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, தைப்பு எந்த நாளில் முடிய வேண்டும், தோல் வெட்டு எந்த நாளில் தொடங்க வேண்டும் என்று கணக்கிடுவது வழக்கம். இவர் மலைப் பயணத்தையும் இதே போலப் பின்னாலிருந்தே தொடங்குகிறார். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வேன் வீட்டு வாசலில் வந்து நிற்பதுதான் அட்டையில் இவர் எழுதும் முதல் வரி. அதற்கு மேல் இறக்கம், அதற்கும் மேல் மாலைத் தேநீர், அதற்கும் மேல் மதிய உணவு என்று எழுதிக்கொண்டே போய், காலைப் புறப்பாட்டுக்கு வந்து சேரும்போது அது சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணியாக, ஆலை இயங்கும் நேரமாக, அமைந்துவிடுகிறது. எனவே அட்டை கிழிக்கப்படுகிறது. வெட்டுப் பிரிவில் அட்டைக்குப் பஞ்சமில்லை என்பது இவருக்கு வாய்த்த பெரும் பேறு.

நாள் குறிப்பது அடுத்த சிக்கல். சித்திரையில் அக்கினி வெயில் வேலூரை வாட்டும்போதுதான் எல்லாருக்கும் மலை நினைவு வருகிறது. ஆனால் காடு காய்ந்து தீப்பிடிக்கும் அபாயம் மிகுந்திருப்பதும் கோடையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் அருவி நிறைந்திருக்கும், சாலையில் மண் சரியும். தையில் குளிர் நன்றாக இருக்கும், பொங்கல் போனஸ் கரைந்திருக்கும். இவற்றோடு ரமலான் நோன்பு, சபரிமலை மாலை, ஆடிக் கிருத்திகை, ஐரோப்பாவிலிருந்து சரக்கைச் சோதிக்க வரும் பையரின் வருகை ஆகிய அனைத்தையும் கழித்துவிட்டால் ஆண்டில் எஞ்சுவது மிகச் சில ஞாயிறுகளே. அவற்றிலும் இவர் பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிறையே தேர்ந்தெடுப்பார், மலையில் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. அதே அட்டையில் காவலூர் வானாய்வகமும் இடம்பெற்றிருக்கும். ஆலங்காயத்துக்கு அருகே ஜவ்வாது மலைமேல் இருக்கும் இவ்வாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986இல் பயன்பாட்டுக்கு வந்தது. அது வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. சுற்றிலும் ஊர் வெளிச்சம் இல்லாத இருட்டுக்காகவே அந்த இடம் தெரிவு செய்யப்பட்டது. இருட்டைத் தேடிப் போன விஞ்ஞானிகளின் வாசலுக்கு முழு நிலவையும் கூட்டிக்கொண்டு போவதில் உள்ள முரணை எவரேனும் சுட்டிக்காட்டினால், திட்டக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்து, நிலவும் வானத்தில்தானே இருக்கிறது என்பார். இதற்கு மறுமொழி இல்லை.

மலையைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஏலகிரிக் கட்சி வசதியை நாடுவது: ஏரி, படகு, விடுதி, நல்ல சாலை. அச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்களின் பெயரும் கடையெழு வள்ளல்களின் பெயரும் சூட்டப்பட்டிருக்கின்றன. கபிலரையும் ஔவையாரையும் கடந்து வள்ளல்களின் வளைவுகளை வண்டி எட்டும்போது, பயணிகளும் காலையில் உண்டதைக் கைம்மாறு கருதாமல் வழங்கிவிடுவது கண்கூடு. பாரிக்கு முன்பே ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் தர வேண்டும் என்று அட்டையில் எழுதிவைத்திருப்பவர் இவர் ஒருவரே என்பதால், இவருடைய தொலைநோக்கை முற்றிலும் மறுத்துவிட முடியாது. ஜவ்வாதுக் கட்சியோ காட்டை நாடுவது. ஜமுனாமரத்தூர், பீமன் மடவு அருவி, வேலூர்ப் பக்கம் அமிர்தி ஆகியவை அதன் முழக்கங்கள். தோல் கழிவால் நீரும் நிலமும் கெட்ட கதையை 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே விரித்துரைத்த வட்டாரத்தில், ஆற்றில் பெரும்பாலும் மணலையே பார்த்து வளர்ந்தவர்கள் அருவி என்ற பெயரைக் கேட்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வதில் வியப்பில்லை.

காடு என்றதும் அனுமதி என்ற பேச்சு எழுகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்தை முறைப்படுத்த அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளுக்கு இணையப் பதிவும் வழிகாட்டிகளும் கொண்ட திட்டம் தொடங்கப்பட்டது. ஏலகிரியின் சுவாமிமலைப் பாதையும் ஜலகம்பாறைப் பாதையும் அதில் உண்டு. விளையாட்டுக்கு இடமில்லாத இந்த ஒரு செய்தியில் மட்டும் திட்டக்காரர் சுருக்கமாகப் பேசுகிறார்: வனத்துறையில் தமக்கு ஆள் தெரியும் என்கிறார். அந்த ஆள் பணி ஓய்வு பெற்றுவிட்டவர் என்பது வேன் சோதனைச்சாவடியில் நிற்கும்போது வெளிப்படும்.

காலணி பற்றி இவருக்குள்ள அறிவு எவரையும் வியக்க வைக்கும். அயல்நாட்டார் மலையேறும் பூட்ஸைக் கையில் கொடுத்தால், காலின் மேற்பகுதியை மூடும் அப்பரைக் கட்டைவிரலால் அழுத்திச் சுருக்கம் பார்ப்பார். அடித்தோலை வளைத்துப் பார்ப்பார். தையல் ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணிச் சொல்வார். நெடுஞ்சாலையோரக் கடைகளில் விற்கும் ஏற்றுமதி மிச்சச் சரக்கில் எது தேறும், எது தேறாது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே உரைப்பார். பயணத்தன்று காலையில் இவர் காலில் கிடப்பது ஹவாய் செருப்பு. நல்ல தோலைக் கொண்டுபோய்ப் பாறையில் தேய்ப்பார்களா என்பது இவர் கேள்வி.

ஆயினும் அட்டையில் மிகுதியான இடத்தைப் பிடித்துக்கொள்வது மலையன்று, பிரியாணியே. சீரகச் சம்பா அரிசியும் கறியும் எடைக்கு எடை சேர்த்து, தேக்சா எனப்படும் பெரிய வாயகன்ற பாத்திரத்தில் வேகவைத்து, மூடிமேல் தணல் பரப்பித் தம் போடுவது ஆம்பூர் முறை. மலைமேல் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் விடியற்காலை மூன்று மணிக்கே ஊரில் தம் போட்டு, தேக்சாவைச் சாக்கில் சுற்றி, வேனின் கடைசி இருக்கையில் ஏற்ற வேண்டும். அது சாயாமல் பிடித்துக்கொள்ள இருவர், அவர்கள் மயங்கினால் மாற்றாக இருவர், புளிக் கத்தரிக்காய்க்கு ஒருவர், வெங்காயத் தயிர்ப் பச்சடிக்கு ஒருவர் என ஆள் நியமனம் நடக்கிறது. சைவ உணவாளர் ஒருவருக்கான தயிர்ச்சோறு அட்டையின் ஓரத்தில் பென்சிலால் குறிக்கப்பட்டு, கை பட்டு அழிந்தும் போகிறது. மலைக்குப் போய் என்ன பார்ப்பது என்பதற்கான கட்டத்தில் இரண்டே சொற்கள் இருக்கும்: இயற்கைக் காட்சி.

பயணம் நடந்தேறும் ஆண்டுகளும் உண்டு. அப்போது வேன் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பும். பசி மலைக்கு முன்பே வந்துவிடும். தேக்சா ஆலங்காயத்தைத் தாண்டியதும் சாலையோரப் புளியமரத்தடியில் திறக்கப்படும். உண்ட களைப்பில் உறங்கியவர்கள் எழும்போது இறங்கு நேரம் வந்திருக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் இதுவும் நிகழாது. ஷிப்மென்ட் முந்திவிடும், ஞாயிறும் வேலை நாளாகிவிடும். அந்த ஆண்டுகளில் திட்டக்காரர் சோர்வதில்லை. அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு, தேநீர் இடைவேளையில் வெட்டுப் பிரிவின் வாசலில் நின்று அறிவிக்கிறார்:

“இன்னாபா, இந்தத் தபா பிளான் பக்கா. ஆளுக்கு ஆயிரம் ரூபா எடுத்து வையுங்க.”

“அண்ணா, போன தபா குடுத்ததே உங்ககிட்டதானே கீது?”

“அது வேன் அட்வான்ஸ்ல நிக்குதுப்பா. அதை வுட்டுட்டா வேன்காரன் நம்மள மதிப்பானா?”

அந்த முன்பணம் இருக்கும்வரை குழுவிலிருந்து எவரும் விலகுவதில்லை. விலகினால் பணம் போய்விடும். விலகாவிட்டால் என்றைக்காவது மலைக்குப் போக நேரும். இவ்விரண்டில் எது பெரிய இழப்பு என்று முடிவு செய்ய முடியாமல், ஐந்நூறு ரூபாய் மட்டும் இப்போது கொடுத்துவிட்டு, மீதியைச் சம்பளம் வந்ததும் தருவதாகச் சொல்லி அவர்கள் தையல் மெஷினுக்குத் திரும்புகிறார்கள்.