கிள்ளிவிட்டுத் தொட்டில் ஆட்டும் கலை

கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளரைத் திரும்ப அழைத்துவரும் வித்தையைக் கற்க விரும்பும் முதலாளிகள் மேலாண்மைக் கல்லூரிக்கெல்லாம் போக வேண்டாம். அமெரிக்காவின் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமும் அதன் எஜமானான ஹாஸ்ப்ரோவும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வைத்து நடத்திக்காட்டிய பாடங்களே போதும்.

ஆட்டம் எளியது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். வீசிய வாள் பட்டதா, தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். விதிப்புத்தகம், பகடை, பென்சில், பேச்சுத்துணை இருந்தால் போதும். ஒருமுறை வாங்கிவிட்டால் ஆயுள் முழுக்க ஆடலாம். விற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் உண்டா? ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதிகள் ‘மேம்படும்’.

முதல் பாடம்: விரட்டுங்கள். ஆள் போனால்தானே அழைக்க முடியும்? 2000இல் விஸார்ட்ஸ் நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. ஆட்டத்தின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் புத்தகம் போடலாம் என்று திறந்த உரிமம் கொடுத்தது. 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது கூடவே கெடுபிடியான புது உரிமமும் வந்தது. 2009இல் பழைய புத்தகங்களின் பிடிஎஃப் விற்பனையை நிறுத்தினார்கள். திருட்டுப் பிரதியைத் தடுக்கவாம்! திருடியவன் திருடிக்கொண்டுதான் இருந்தான். காசோடு வந்தவன் முகத்தில் கதவு சாத்தப்பட்டது. விஸார்ட்ஸின் பத்திரிகைகளை நடத்திவந்த பைசோ நிறுவனத்திடமிருந்து அந்த உரிமையை அதற்கு முன்பே பறித்திருந்தார்கள். பைசோ சும்மா இருக்கவில்லை. கைவிடப்பட்ட பழைய விதிகளை அதே திறந்த உரிமத்தின்படி எடுத்துச் செப்பனிட்டு, 2009இல் ‘பாத்ஃபைண்டர்’ என்று வெளியிட்டது. போனவர்களில் பலர் அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் பாடம்: உருகுங்கள். ஆனால் மன்னிப்பு என்ற சொல் வாயில் வரக்கூடாது. ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று சொல்ல வேண்டும். 2012இல் புதிய பதிப்புக்குப் பொதுச் சோதனை ஆரம்பமானது. எல்லாப் பதிப்பு ரசிகர்களையும் ஒரே மேசையில் உட்காரவைப்போம் என்றார்கள். 1,75,000க்கும் மேற்பட்டவர்கள் கூலியில்லாமல் ஆடிப்பார்த்து, குறை எழுதி அனுப்பினார்கள். அவர்கள் சோதித்துக்கொடுத்த ஆட்டத்தின் முதல் புத்தகம் 2014இல் 49.95 டாலர் விலையில் அவர்களுக்கே விற்கப்பட்டது. இடையில் 2013இல் பழைய பிடிஎஃப்களும் விற்பனைக்குத் திரும்பின. பிடுங்கியதைத் திருப்பி விற்றதற்குப் பெயர், ரசிகர்மீது பாசம்.

ஐந்தாம் பதிப்பு நல்ல ஆட்டம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிக்கலான கூட்டல் கழித்தலுக்குப் பதில், சாதகமான நிலையில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள் என்றது. வடிவமைத்தவர்கள் மனசாட்சியோடு உழைத்திருந்தார்கள். பழையவர்கள் திரும்பினார்கள், இந்த ஆட்டம் வரும் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரைப் பார்த்துவிட்டுப் புதியவர்களும் வந்தார்கள்.

கூட்டம் சேர்ந்ததா? மூன்றாம் பாடம்: சட்டைப்பையைத் தடவுங்கள். 2022 டிசம்பரில் நிறுவனத் தலைவர் முதலீட்டாளர்களிடம் வருந்தினார். இந்த ஆட்டத்திலிருந்து கறக்க வேண்டிய அளவுக்குப் பணம் கறக்கப்படவில்லையாம். அடுத்த மாதமே புது உரிமத்தின் வரைவு கசிந்தது. ஆண்டுக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் விற்கும் வெளிப் பதிப்பாளர்கள், அதற்கு மேற்பட்ட வரவில் 25 சதவீதம் வரை கப்பம் கட்ட வேண்டும். லாபத்தில் அல்ல, வரவில்! அச்சகத்துக்கும் ஓவியனுக்கும் கொடுத்தபின் அந்தச் சிறு பதிப்பாளன் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. 2000இல் கொடுத்த உரிமம் இனிச் செல்லாது என்பது அதைவிடக் கொடுமை. ரசிகர்கள் நிறுவனத்தின் இணையச் சந்தாக்களை ரத்துசெய்தார்கள். நீங்கள் ஜெயித்தீர்கள், நாங்களும் ஜெயித்தோம் என்று நிறுவனம் அறிக்கை விட்டது. அந்த வெட்கங்கெட்ட வாக்கியத்துக்கு ஆயுள் இரண்டு வாரம். ஜனவரி 27 அன்று அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமத்தில் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள்.

நான்காம் பாடம்: பழைய நினைவை விற்றுத்தள்ளுங்கள். 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில், சுமார் 1,100 பேருக்கு வேலை போகும் என்று ஹாஸ்ப்ரோ அறிவித்தது. ஆட்களை அனுப்பிய கையோடு, அடுத்த ஆண்டு ஆட்டத்தின் பொன்விழா வந்தது. ஆறாம் பதிப்பு என்று சொல்லக் கூசி, ஐந்தாம் பதிப்புக்கே புதுச்சட்டை போட்டார்கள். கதை நடத்துபவருக்கான டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் கைகாக்ஸ் படைத்த கிரேஹாக் உலகத்தை எடுத்து வைத்தார்கள். ஆட்டத்தை முதலில் வெளியிட்ட, தானே தொடங்கிய நிறுவனத்திலிருந்தே 1980களில் ஓரங்கட்டப்பட்டு வெளியேறிய கைகாக்ஸ் 2008இல் இறந்துபோனார். செத்தவர் ராயல்டி கேட்க மாட்டார். நரைத்தவர்கள் மட்டும் கண்கலங்கிப் பர்ஸைத் திறப்பார்கள். பழசின்மேல் இத்தனை பக்தி காட்டியவர்கள், அதே 2024 ஆகஸ்டில், காசு கொடுத்து வாங்கியவர்களின் இணையக் கணக்குகளில் பழைய மந்திரங்களை அழித்துப் புதியவற்றை ஏற்றப்போவதாக அறிவித்தார்கள். கூச்சல் எழுந்ததும் சில நாளில் வாபஸ். கிள்ளு, அழுகை, தாலாட்டு. தாலாட்டுக்குத் தனிக் கட்டணம்.

‘விலகிப்போன ஆட்டக்காரர்’ என்று இவர்கள் கணக்கில் எழுதிவைத்திருப்பவர்களில் பலர் விலகவே இல்லை. வீட்டு மேசையில் பழைய புத்தகத்தை வைத்து இன்றும் ஆடுகிறார்கள். 2006இலேயே ரசிகர்கள் அந்தத் திறந்த உரிமத்தைக்கொண்டு முதல் பதிப்பு விதிகளை ‘ஓஸ்ரிக்’ என்று திருப்பி எழுதி இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். கல்லாப்பக்கம் வராதவன் ஆட்டத்திலேயே இல்லை என்பது முதலாளியின் கண்நோய்.

விஸார்ட்ஸ்காரர்களே, அடுத்த பதிப்பு எழுத எப்படியும் உட்காருவீர்கள். அப்போது முதல் பக்கத்தில் ஒரு விதியைச் சேருங்கள்: கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கக் கூடாது. ஆடிப்பார்த்துச் சொல்ல லட்சம் பேர் வேண்டியதில்லை. வெட்கம் கொஞ்சம் இருந்தால் போதும்.